கரையில் நின்று கொடுவா: வாசகர் கேள்வி பதில்

வாடைக்காற்றுத் தொடங்கி மட்டக்களப்பு வாவியில் தண்ணீர் ஏறும் மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மிகுதியானவை கொடுவா மீனைப் பற்றியே இருக்கும். இம்முறை வந்தவற்றுள், கரையில் நின்று தூண்டில் போடுவோருக்குப் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து பதிலோடு தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் கல்லடியில் வசிக்கும் அரசாங்க எழுதுவினைஞன். நல்ல தூண்டில் தடியும் ரீலும் வாங்கி, மூன்று மாதங்களாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை பாலமீன்மடு முகத்துவாரத்தில் நிற்கிறேன். என்னால் எழுபது மீற்றருக்கு அப்பாலும் எறிய முடிகிறது. ஆனால் கெளிறும் சிறிய பாரையுமே கிடைக்கின்றன. நான் போகும் வேளையில் கைத்தூண்டிலும் வாளியுமாக வீடு திரும்பும் முதியவர்களிடம் கொடுவா இருக்கிறது. என் பிழை என்ன, ஐயா?

பதில்: பிழையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தம்பி. நீங்கள் வரும் நேரம் அவர்கள் திரும்பும் நேரமாக இருக்கிறது. கொடுவா, பாரையைப்போலத் திறந்த நீரில் துரத்தித் திரிந்து இரை பிடிக்கும் மீன் அன்று. ஒரு கல்லின் ஓரத்தையோ, விழுந்து கிடக்கும் மரத்தையோ, பாலத்தின் தூணையோ மறைவாகப் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் இரையைத் தன் முன்னால் கொண்டுவரும்வரை அசையாமல் நிற்பதே அதன் வழக்கம். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே கணத்தில் விரித்து, தண்ணீரோடு சேர்த்து அதனை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். இவ்வாறு ஒளிந்திருந்து வாழும் உயிருக்கு மங்கிய வெளிச்சமே சாதகமானது. மணலை என்னும் மீனின் குஞ்சும் இறாலும் தமக்கு அருகில் இருப்பதைக்கூடச் சரியாகக் காண முடியாத அந்த அரை இருட்டில் கொடுவாவின் கண் நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே வெயில் ஏறிய பின் முகத்துவாரத்தில் நிற்பவருக்குக் கெளிறு கிடைப்பதில் வியப்பு எதுவும் இல்லை. விடியற்காலை நான்கரை மணிக்குத் தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும். ஆறரை மணிக்கு மேல் அங்கே இருப்பது காற்று வாங்குவதற்காக மட்டுமே. மாலையில் சூரியன் இறங்கும் நேரம் முதல் நன்றாக இருட்டி ஒரு மணித்தியாலம் வரை மற்றொரு நல்ல வேளை.

அடுத்தது தூரம். எழுபது மீற்றர் எறிவது கைக்குப் பெருமையாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் மீனைத் தாண்டியே எறிகிறீர்கள். நமது கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு மிகவும் சிறியது. பெருக்கு நாட்களிலும் அது ஒரு மீற்றரை எட்டுவதில்லை. ஆயினும் பெரிய வாவி ஒன்று ஒடுங்கிய ஒரு வாயால் மூச்சு விடுவதால், அந்தச் சிறிய ஏற்ற வற்றமே முகத்துவாரத்தில் ஆற்றைப்போல ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நடுவில் கொடுவா நிற்காது, ஏனெனில் அங்கே நிற்பதற்கு வலிமை செலவாகும். ஓடும் நீர், ஓடாத நீரை உரசிக்கொண்டு போகும் ஓரத்தில், மணல்மேடு திடீரென்று ஆழமாக இறங்கும் விளிம்பில்தான் அது காத்திருக்கும். முதியவர்களின் தூண்டில் கரையிலிருந்து பத்துப் பதினைந்து மீற்றருக்குள் விழுவதன் காரணம் இதுவே. வாவி நீர் வடியத் தொடங்கும் முதல் இரண்டு மணித்தியாலங்களை நான் எப்போதும் விரும்புவேன். உள்ளே இருந்த இறாலும் சிறு மீனும் அந்த நீரோடு கூட்டமாக வெளியேறும். மழைக்காலமாயின் கடலின் பச்சையும் வாவியின் செம்மண் நிறமும் சந்திக்கும் கோடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில், கோட்டை ஒட்டி இரை இருக்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: நன்னீர் பாரம் குறைந்தது, உவர்நீர் பாரம் கூடியது. ஆகவே மேலே கலங்கல் ஓடும்போதும் கீழே தெளிந்த கடல்நீர் இருக்கலாம். மேற்பரப்பைப் பார்த்து மனம் தளர்ந்து திரும்பாமல், இரையை அடிவரை இறக்கிப் பாருங்கள்.

ஒரு வாரம் தடியை வீட்டில் வைத்துவிட்டு, விடியற்காலையில் அந்த முதியவர்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி அமர்ந்து அவர்கள் எங்கே போடுகிறார்கள் என்று பார்த்தால், நான் எழுதியதிலும் கூடுதலாகக் கற்றுக்கொள்வீர்கள்.

கேள்வி: பெரியகல்லாற்றில் முகத்துவாரம் வெட்டப்பட்ட அன்றே ஊரே கரையில் திரளுகிறது. கொடுவாவுக்கு எத்தனையாம் நாள் போவது நல்லது? வாய் மூடியிருக்கும் மாதங்களில் எங்கே போடுவது? (களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியர்)

பதில்: வெட்டிய அன்று போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெள்ளத்தில் வயலும் வீடும் மூழ்காமல் இருக்க மணல் திட்டை வெட்டிவிடும்போது, தேங்கி நின்ற நீர் முழுவதும் ஒரே வாயால் பாய்கிறது. அந்த நீரில் மரம், ஆற்றுவாழை, சேறு யாவும் வருவதால் தூண்டில் நிலைகொள்ளாது. அதைவிட முக்கியமானது, வெட்டுவாயின் இரு கரைகளையும் நீர் அடியில் அரித்துக்கொண்டே இருப்பதால், உறுதியாகத் தோன்றும் மணல் நிற்பவரோடு சேர்ந்து இடிந்து விழும். வேடிக்கை பார்ப்பவர்களையும் நாலைந்து பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வாவியின் மட்டம் இறங்கி, கடல்நீர் ஏற்றத்தோடு உள்ளே வரத் தொடங்கும் நாளே நமக்குரிய நாள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் நாளாக இருந்திருக்கிறது. மேல்நாட்டு மழை தொடர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதன் பின் வரும் இரண்டு மூன்று வாரங்களே ஆண்டின் மிகச் சிறந்த காலம். காரணத்தைத் தெரிந்துகொண்டால் நாளைக் கணிப்பது எளிதாகும். கொடுவா நன்னீரிலும் வாழும், உவர்நீரிலும் வாழும், ஆனால் அதன் முட்டை பொரிக்கக் கடலின் உப்பு வேண்டும். வாவியிலும் ஆற்றிலும் வளர்ந்து முற்றிய மீன்கள் முட்டையிடுவதற்காகக் கடல் வாயை நோக்கி இறங்குகின்றன. மீன்களில் பல, முட்டையிட நன்னீரைத் தேடி ஆற்றில் ஏறுவதாகவே நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். கொடுவா அதற்கு நேர்மாறானது. முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். பொரித்த குஞ்சுகள் ஏற்ற நீரோடு வாவிக்குள் ஏறி, கண்டல் வேர்களுக்கிடையிலும் வெள்ளம் பரவிய புல்நிலங்களிலும் ஒதுங்கி வளர்கின்றன. மூடியிருந்த வாய் திறப்பதென்பது, வெளியே போகக் காத்திருந்த பெரிய மீனுக்கும் உள்ளே வரக் காத்திருந்த குஞ்சுக்கும் ஒரே நேரத்தில் கதவு திறப்பதாகும்.

வாய் மூடியிருக்கும், கச்சான் காற்று வீசும் காலத்தில் வாவிக் கரையே கதி. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானதாயினும் ஆழம் குறைந்தது. அதில் மறைவும் ஆழமும் ஓட்டமும் ஒன்றுசேரும் இடங்கள் சிலவே. கல்லடி, கோட்டைக்கல்லாறு போன்ற பாலங்களின் அருகே இரவில் மின்விளக்கின் வெளிச்சம் நீரில் விழும் இடத்தையும் பாலத்தின் நிழல் தொடங்கும் இடத்தையும் பிரிக்கும் கோடு ஒன்று உண்டு. வெளிச்சத்துக்கு இறால் வரும், நிழலுக்குள் கொடுவா நிற்கும். வெளிச்சத்தில் போட்டு நிழலை நோக்கி மெல்ல இழுங்கள். பாலத்தின் மேல் நின்று போடாதீர்கள். வாகனங்களுக்கும் ஆபத்து, பெரிய மீனை மேலே தூக்கவும் முடியாது. கிண்ணை என்னும் கண்டல் மரங்கள் நீரில் சாய்ந்து நிற்கும் கரையோரங்களும் நல்லவை, ஆனால் அங்கே போகுமுன் கீழே முதலைகளைப் பற்றி நான் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: வாகரைப் பக்கத்தில் ஒரே மாதத்தில் மூன்று கொடுவாக்களைத் தவறவிட்டேன். மூன்றும் துள்ளிய உடனே நூல் அறுந்தது. முப்பது இறாத்தல் தாங்கும் புதிய பின்னல் நூல்தான். கடையில் ஏமாற்றிவிட்டார்களா? உயிர் இரை நல்லதா, பிளாஸ்ரிக் மீன் நல்லதா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: கடைக்காரரைக் குறை கூறுமுன் அறுந்த முனையை விரலால் தடவிப் பாருங்கள். பஞ்சுபோலப் பிரிந்திருந்தால் அது உராய்வினால் அறுந்தது. சுருண்டு முறுகியிருந்தால் முடிச்சு அவிழ்ந்தது. உங்களுடையது முதலாவது வகை என்றே நினைக்கிறேன். கொடுவாவின் வாயில் சீலாவுக்கு இருப்பதுபோன்ற வெட்டும் பற்கள் இல்லை. அதன் வாய் அரத்தாளைப்போலச் சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆபத்து செவுள் மூடியில் இருக்கிறது. அதன் ஓரம் சவர அலகைப்போலக் கூரானது. மீன் துள்ளித் தலையை இருபுறமும் உதறும்போது நூல் அந்த ஓரத்தில் பட்டால், இழுவையில் இருக்கும் பின்னல் நூல் ஒரே உதறலில் போய்விடும். ஆகவே பின்னல் நூலின் முனையில் நாற்பது முதல் அறுபது இறாத்தல் வரை தாங்கும் தடித்த தங்கூசியை (ஒற்றை இழை நைலோன் நூலை) ஒரு பாகம் நீளத்துக்குக் கட்டாயம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதன் கடைசி ஒரு முழத்தைத் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் கட்டுங்கள். இந்த ஒரு நிமிடச் சோம்பலால் நான் இழந்த மீன்கள் பல.

துள்ளலையும் ஓரளவு அடக்கலாம். தடியை வானத்தை நோக்கி உயர்த்திப் பிடிப்பது மீனை மேலே அழைப்பதற்குச் சமம். கொடுவா மேலெழுகிறது என்பது நூலின் கோணத்தில் தெரிந்தவுடன் தடியின் நுனியை நீர்மட்டம் வரை தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். ரீலின் இறுக்கத்தை நூலின் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்காதீர்கள்.

இரையைப் பொறுத்தவரை, நான் உயிர் இரையின் பக்கம். அத்தாங்கில் பிடித்த விரல் நீள இறாலோ, பத்துச் சென்றிமீற்றர் மணலைக் குஞ்சோ இருந்தால் வேறெதுவும் வேண்டாம். மணலையை மேல் உதட்டில் அல்லது முதுகுச் செட்டைக்குச் சற்று முன்னால் குத்துங்கள். இறாலை வாலின் கடைசிக் கணுவுக்கு முந்திய கணுவில் குத்துங்கள். தலைக்குள் தெரியும் கறுப்புப் புள்ளியில் பட்டால் உடனே செத்துவிடும். ஈயக்குண்டு நூலில் வழுகி ஓடும்படி துளையுள்ளதாக இருக்கட்டும். மீன் இரையை உறிஞ்சும்போது ஈயத்தின் பாரத்தை உணரக் கூடாது. முள் நாலாம் ஐந்தாம் இலக்கப் பெரிய வகையாகவும், நகத்தில் வைத்து இழுத்தால் கீறும் அளவுக்குக் கூராகவும் இருக்க வேண்டும். கடிக்கும் சத்தம் கேட்டதும் பதறி இழுப்பவர்களே அதிகம். நூல் நகரும்வரை பொறுங்கள். பிளாஸ்ரிக் மீன் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பாலத்து நிழலிலும், கற்கள் நிறைந்த கரையிலும், இரை தேட நேரமில்லாதவர்களுக்கும் அது உதவும். அதை இழுக்கும் வேகத்தை, நீங்கள் மெதுவென்று நினைப்பதிலும் பாதியாகக் குறைத்து, இடையிடையே நிறுத்துங்கள். கொடுவா பெரும்பாலும் நிறுத்தும் கணத்திலேயே எடுக்கும்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி, அங்கே கடற்கரையில் நின்று கொடுவா பிடித்ததாகப் படம் அனுப்பியிருக்கிறார். ஆனால் படத்தில் உள்ள மீன் நமது கொடுவாவைப்போல இல்லை. இரண்டும் ஒன்றா? (செங்கலடி)

பதில்: இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘சீ பாஸ்’ என்று அழைப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. நமது கொடுவாவின் அறிவியற் பெயர் லேட்டஸ் கல்கரிஃபர். சிங்களத்தில் மோதா, அவுஸ்திரேலியாவில் பராமண்டி. தம்பி பிடித்தது டைசென்ட்ரார்கஸ் லாப்ராக்ஸ் என்னும் ஐரோப்பிய மீன். அது வேறு குடும்பம். வாலைப் பாருங்கள்: நமது கொடுவாவின் வால் விசிறிபோல வட்டமாக முடியும், அதனுடையது நடுவில் பிளந்திருக்கும். நமது மீனின் நெற்றி கண்ணுக்கு மேல் உள்வாங்கி முதுகில் உயர்ந்தெழும், அங்குள்ளதற்கு நேரான முகம்.

பிடிக்கும் முறையிலும் ஒற்றுமை வேற்றுமை இரண்டும் உண்டு. அங்குள்ளவர்கள் அலை உடைந்து வெண்ணுரை பரவும் இடத்தையும் பாறை இடுக்குகளையும் தேடிப் போட்டு, மண்புழுவைப் போன்ற கடற்புழுக்களையும் ஓடு கழற்றும் நண்டையும் இரையாக வைக்கிறார்கள். விடியலையும் அந்தியையும் விரும்புவதில் அந்த மீனும் நமது மீனும் ஒன்றே. குளிர்ந்த கடலில் வாழ்வதால் அது மிக மெதுவாக வளரும். 42 சென்றிமீற்றர் நீளத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். மீன்வளம் குன்றியதைக் கண்டு, 2015ஆம் ஆண்டு முதல் அந்த நீளத்துக்குக் குறைந்த மீனை அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உங்கள் தம்பி படமெடுத்ததோடு அளந்தும் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

கேள்வி: அமாவாசை நல்லதா, பௌர்ணமி நல்லதா? (ஆரையம்பதி)

பதில்: இரண்டும் நல்லவை. அந்த நாட்களையொட்டி ஏற்ற வற்றம் கூடுவதால் ஓட்டம் கூடும். பௌர்ணமியில் நிலவு உச்சிக்கு வருமுன்னும் சாய்ந்த பின்னும் போடுங்கள். அட்டமி நவமியில் நீர் சோர்ந்து கிடக்கும். அன்று தூண்டிலைத் துப்புரவு செய்யலாம்.

கேள்வி: என் மகனுக்குப் பத்தொன்பது வயது. இரவில் நண்பர்களோடு வாவிக் கரைக்குத் தூண்டில் போடப் போகிறான். தடுத்தாலும் கேட்பதில்லை. எனக்கு உறக்கம் வருவதில்லை. நீங்களாவது அவனுக்கு எழுதுங்கள். (ஒரு தாய், திருக்கோவில்)

பதில்: அம்மா, போகாதே என்று நான் எழுதினால் அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவான். ஆகவே எப்படிப் போக வேண்டும் என்பதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை வெட்டி அவன் தூண்டில் பெட்டிக்குள் வையுங்கள்.

தம்பி, நமது மாவட்டங்களின் வாவிகளிலும் களப்புகளிலும் ஆற்று முகங்களிலும் முதலைகள் இருக்கின்றன. இரவில் இரை தேடுவது கொடுவா மட்டும் அன்று. முழங்காலளவு நீரிலும் இறங்கி நிற்காதே. மீன் கழுவுவதையும் குடல் எறிவதையும் நீ நிற்கும் இடத்தில் செய்யாதே. ஒரே இடத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போகாதே, ஏனென்றால் முதலை அந்த வழக்கத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளும். தலையில் கட்டும் விளக்கோடு போய், உட்காருமுன் நீரையும் புல்லையும் ஒருமுறை சுற்றிப் பார். செந்நிறமாக மின்னும் கண்கள் நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்தால் அது மீன் அன்று.

முகத்துவாரத்தில் மாட்டிய முள்ளை எடுப்பதற்காகவோ நூல் அறுந்து தப்பிய மீனைப் பிடிப்பதற்காகவோ ஒருபோதும் நீரில் குதிக்காதே. வடியும் நீர் நல்ல நீச்சற்காரனையும் கடலுக்குள் கொண்டுபோய்விடும். நூல் அறுந்தால் நூறு ரூபாய் நட்டம், அதற்கு மேல் எதுவும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மாலை இடி கேட்கத் தொடங்கியதும் தடியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடம் ஒன்றுக்குள் போ. இப்போதைய தடிகள் கரிம இழையால் ஆனவை, அவை மின்னலைக் கடத்தும்.

மீன் கரைக்கு வந்ததும் செவுளுக்குள் கையை விடாதே. நனைந்த துணியால் கீழ்த் தாடையைப் பிடித்து, மறு கையால் வயிற்றைத் தாங்கு. செவுள் மூடி கையை வெட்டினால் உடனே சுத்தமான நீரிலும் சவர்க்காரத்திலும் நன்றாகக் கழுவி, ஆழமாக இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போய் ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என்று கேள். உவர்நீர்க் காயம் ஒரே இரவில் வீங்கிவிடக்கூடும். கடைசியாக, எந்தக் கரைக்குப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. சொன்ன நேரத்துக்கு மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் எழுந்து வா.

கேள்வி: பொத்துவில் களப்பின் வாயில் பதினான்கு கிலோக் கொடுவா ஒன்றைப் பிடித்தேன். வயிறு நிறையச் சினை. நான் பிடித்த பெரியவை எல்லாமே பெண்ணாக இருந்திருக்கின்றன, சிறியவை எல்லாமே ஆண். இது தற்செயலா?

பதில்: தற்செயல் அன்று. இதனைக் கவனித்து எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பகுதியில் நான் மிகவும் எழுத விரும்பும் செய்தி இதுவே. கொடுவா ஆணாகவே முதலில் பருவமடைகிறது. மூன்று நான்கு வயதில் ஆணாக முட்டையிடும் கூட்டத்தில் சேர்ந்து, சில ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்து, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வயதுக்குள், ஒரு மீற்றர் நீளத்தை நெருங்கும்போது பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவா என்றால் ஏறத்தாழ எப்போதும் அது தாய் மீன்தான். அத்தகைய ஒன்று ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் பல மில்லியன். அதன் இடத்தை நிரப்ப, இன்று இரண்டு கிலோவாக இருக்கும் ஆண்மீன் ஒன்று இன்னும் பல ஆண்டுகள் வலைகளுக்கும் தூண்டில்களுக்கும் தப்பி வளர வேண்டும்.

இருபத்திரண்டு வயதில், வெட்டி ஒரு வாரமான முகத்துவாரத்தில், என் தோளுயரத்துக்குக் கிட்டிய ஒரு கொடுவாவை ஒரு மணித்தியாலம் போராடிக் கரையேற்றினேன். சைக்கிளின் குறுக்குத் தண்டில் கட்டி ஊரெல்லாம் காட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் வயிற்றைக் கீறியபோது இரண்டு கைகளாலும் அள்ள முடியாத அளவு சினை இருந்தது. அம்மம்மா அதைப் பார்த்துவிட்டு, “வாவியையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்” என்று மட்டும் சொன்னா. அன்று எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்றிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும், கிழக்குக் கரையில் 120 சென்றிமீற்றருக்கு மேற்பட்டதையும் திருப்பி விட வேண்டும் என்பது விதி. முதலாவது, ஒருமுறையாவது இனம் பெருக்க விடுவதற்கு. இரண்டாவது, தாய்களைக் காப்பதற்கு. நானும் ஏறத்தாழ அவ்வாறே செய்கிறேன். முழங்கை முதல் விரல் நுனி வரையான என் முழத்தையும் அதற்கு மேல் ஒரு சாணில் பாதியையும் எட்டாததை விட்டுவிடுவேன். என் இடுப்பளவை எட்டியதையும் விட்டுவிடுவேன். இடைப்பட்ட மூன்று நான்கு கிலோ மீனே ஆணத்துக்கும் பொரியலுக்கும் சுவையானது. பெரிய மீனின் சதை முரடு, அதில் பாதி அயலாருக்கே போகும். விடுவதானால் மணலில் புரட்டாமல், தாடையில் தொங்கவிடாமல், வயிற்றைத் தாங்கியபடி நீரின் விளிம்பில் தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்திருங்கள். செவுள் சீராக அசைந்து, வால் தானாக உதைக்கும்போது கையை எடுங்கள்.

கேள்வி: தூண்டிற்காரர்கள் முகத்துவாரத்தை நிறைத்து நிற்பதால் நாங்கள் வீச்சு வலை போட முடியவில்லை. இது எங்கள் பிழைப்பு, அவர்களுக்கு இது பொழுதுபோக்கு. நீங்கள் அவர்களுக்குச் சொல்லக் கூடாதா? (நாவலடி)

பதில்: சொல்கிறேன், ஐயா. நியாயம் உங்கள் பக்கமே. வலைக்காரர் ஒருவர் தோளில் வலையை மடித்துக்கொண்டு கரையோரமாக நடந்து வந்தால், தூண்டிற்காரர் நூலைச் சுருட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். கரைவலை இழுக்கும் எல்லைக்குள் தூண்டில் எறியவே கூடாது. வலைக்குள் சிக்கிய ஒரு முள், கயிறு இழுப்பவரின் உள்ளங்கையைக் கிழிக்கும். அறுந்த நூலைக் கரையில் போட்டுவிட்டுப் போவது இன்னும் மோசமானது. நாரையும் நீர்க்காகமும் அதில் சிக்கிக் கிடப்பதை நானே அறுத்து விட்டிருக்கிறேன். ஒரு வெற்றுப் போத்தலில் நூல் துண்டுகளைத் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாய் திறந்த நாட்களில் முகத்துவாரத்தை ஒரு கரை முதல் மறு கரை வரை தங்கூசி வலையால் அடைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். வெளியே போகும் தாயும் உள்ளே வரும் குஞ்சும் அந்த ஒரே வழியால்தான் போய்வர வேண்டும். அவர்களிடம் நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கேள்வி: இரவில் கொடுவா இரை எடுக்கும் சத்தத்தை வைத்தே அதை அறியலாம் என்று அப்பப்பா சொல்கிறார். அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? (பத்தாம் வகுப்பு மாணவி, காரைதீவு)

பதில்: அப்பப்பா சொல்வது சரி, மகள். மணலை துள்ளி விழுந்தால் ‘சளக்’ என்று மெல்லிய சத்தம் வரும். பாரை துரத்தினால் நீர் கிழிவதுபோல நீளமாகக் கேட்கும். கொடுவா உறிஞ்சும்போது, வாய் ஒடுங்கிய குடத்தைத் தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்திச் சட்டென்று சரித்தால் காற்று வெளியேறுமே, அதுபோல ஆழமான ஒற்றை ‘பொளக்’. அதன் பின் அந்த இடத்தில் வட்ட அலை மட்டும் விரியும். காற்றில்லாத ஓர் இரவில் அப்பப்பாவோடு கரையிலிருந்து தள்ளி அமர்ந்து, பேசாமல் அரை மணித்தியாலம் காத்திருங்கள். முதல் சத்தத்தை நீங்கள் இனங்காண மாட்டீர்கள், அவர்தான் கையைத் தொட்டுக் காட்டுவார். இரண்டாவதை நீங்களே அறிவீர்கள்.